பக்கத்து வீட்டுக் கதவு யார் பொறுப்பு

1

என் அக்கா உண்ணாமலை பக்கத்து வீட்டுக் கதவை உடைத்துவிட்டாள். கீழ்பென்னாத்தூர் வரைக்கும் செய்தி வேறு மாதிரிப் போயிருக்கிறது. ரயில் வெடித்ததாமே, எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்களாமே, அக்காவுக்குக் கண் போய்விட்டதாமே என்று கேட்டுக் கடிதங்கள் வந்தன. அப்படியெல்லாம் எதுவும் இல்லை. ரயில் வெடிக்கவில்லை, தடம் புரண்டது. அக்கா கையில் கண்ணாடி கிழித்ததைத் தவிர யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. உடைந்தது ஒரு கதவு மட்டும்தான். அக்கா ஏன் அதை உடைத்தாள், அது சரியா தப்பா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசிக்க யோசிக்கக் குழப்பம் ஜாஸ்தியாகிறதே தவிரக் கம்மியாகவில்லை. எழுதிப் பார்த்தாலாவது தெளியுமா என்று இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கனடாவின் நடுவில் ஒரு சின்ன ஊர். ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு ரயில் பாதை போகிறது. கோதுமைக் கிடங்குகள், ஒரு ஆஸ்பத்திரி, ஒரு பள்ளிக்கூடம், பனிச்சறுக்கு விளையாடும் பெரிய கொட்டகை. என் மனைவி சுகுணா வேலூரில் நர்ஸ் படிப்பு படித்தவள். அவளுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அவள் முதலில் வந்தாள். நானும் மகள் கவிதாவும் பின்னால் வந்தோம். பெண்டாட்டி வேலைக்குப் பின்னால் போகிறான் பார் என்று திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் என் காதுபடவே பேசினார்கள். அங்கே ரெவின்யூவில் குமாஸ்தாவாக இருந்தவன் இங்கே நகரசபையின் குடிநீர் நிலையத்தில் குழாய் திருகுகிறேன். கவிதா வரும்போது சிலேட்டு பிடிக்கிற வயசு. இப்போது என்னைவிட உயரம். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும், அதுவும் பாதி வழியில் நின்றுவிடும்.

மாமா காலமான பிறகு அக்கா தனியாக இருந்தாள். ஆறு மாதம் இருந்துவிட்டுப் போ என்று டிக்கெட் எடுத்து வரவழைத்தேன். பனி உருகத் தொடங்கிய சமயத்தில் வந்து இறங்கினாள்.

2

இந்த ஊரில் ஆபத்துக் காலத்துக்கு ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். நகரசபை ஊழியர்கள் எல்லோரும் அதைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். நானும் போட்டேன். எனக்கு அதில் அரைப் பக்கம் இருக்கிறது. சங்கு ஊதினால் நான் குடிநீர் நிலையத்தை விட்டு நகரக் கூடாது. தலைமைப் பொறியாளர் சொன்னால் இந்த வால்வை மூட வேண்டும், அவ்வளவுதான். அதேபோல் போலீசுக்கு ஒரு பக்கம், தீயணைப்புக்கு ஒரு பக்கம், ஆஸ்பத்திரிக்கு, பள்ளிக்கூடத்துக்கு, ரயில் கம்பெனிக்கு ஒவ்வொரு பக்கம். வீடு வீடாகப் போய் ஆட்களைக் கிளப்புவது தேவாலயத்தைச் சேர்ந்த தொண்டர்கள் வேலை. நடமாட முடியாத கிழவர்களை மட்டும் அவர்களிடம் விடுவதில்லை. அவர்களை வழக்கமாகப் பார்க்க வருகிற நர்சே முதல் ஆளாக வந்து கூட்டிப் போக வேண்டும்.

ஒருநாள் சாப்பிட்டு முடித்ததும் இதை அக்காவுக்கு விளக்கப் போய் மாட்டிக்கொண்டேன். முதலில் நகரசபை செய்யும், அதனால் முடியாவிட்டால் மாகாணத்தைக் கேட்கும், மாகாணத்தாலும் முடியாவிட்டால் அது மத்திய அரசைக் கேட்கும், பட்டாளம்கூட வரும் என்றேன். கேட்டால்தான் வருவார்களா, தானாக வர மாட்டார்களா என்று கேட்டாள். கேட்காமல் வரக் கூடாது, அதுதான் முறை என்றேன். நம் ஊர்க் கணக்கில் மாகாணம் என்றால் என்ன, கலெக்டரா என்றாள். இல்லை, மெட்ராஸ் மாதிரி என்றேன். அப்படியானால் கலெக்டர் யார் என்றாள். கலெக்டர் என்று யாரும் கிடையாது என்றதும் அவள் என்னை நம்பவில்லை. கலெக்டர் இல்லாமல் ஒரு தேசம் நடக்கும் என்று நான் பொய் சொல்வதாக நினைத்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். மேயர் அவசர நிலை அறிவித்த பிறகுதான் ஜனங்களை வீட்டை விட்டுக் கிளப்ப முடியும் என்று மொழிபெயர்த்தேன். அக்கா முகம் மாறிவிட்டது.

“எமர்ஜென்சியா? இங்கயுமா? யாரைடா புடிக்கப் போறாங்க?” என்றாள்.

நம் ஊரில் அந்த வார்த்தைக்கு ஒரு அர்த்தம், இங்கே வேறு அர்த்தம் என்று சொன்னேன். கவிதா சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. மேயர் நல்லவரா என்று மட்டும் கேட்டாள்.

3

அக்கா ஏன் இதையெல்லாம் இவ்வளவு துருவித் துருவிக் கேட்டாள் என்பது எனக்குத் தெரியும். எழுபதுகளின் நடுவில் ஒரு கார்த்திகை மாதம் நடந்ததைச் சொன்னால் உங்களுக்கும் தெரியும். ஊர் பேரும் ஏரி பேரும் எழுதவில்லை. அதில் சம்பந்தப்பட்ட ஆபீசர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. எனக்கு இருக்கிற குழப்பத்தில் பாதி அதுதான்.

அக்காவைக் கட்டிக் கொடுத்தது கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில். ஊருக்கு வடக்கே ஏரி. அந்த வருஷம் மழை விடவே இல்லை. ஏரி ததும்பி, கரையில் ஒரு இடத்தில் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. கசிகிற தண்ணீர் தெளிவாக இருந்தால் பயம் இல்லை. கலங்கலாக வந்தால் கரை உள்ளே அரிக்கிறது என்று அர்த்தம். அன்று காலை அது செம்மண் நிறத்தில் வந்தது. ஊர் மணியக்காரர் முதல் பஸ்ஸைப் பிடித்து, திருவண்ணாமலையில் நான் வேலை பார்த்த தாலுகா ஆபீசுக்கு நனைந்துகொண்டே வந்து நின்றார்.

அன்று தீபம். ஆபீசில் நானும் ஹெட் கிளார்க்கும்தான் இருந்தோம். மற்ற எல்லோரும் திருவிழா டூட்டியில். தீபத்துக்கு நம் அதிகாரிகள் வேலை செய்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குடிதண்ணீர் முனிசிபாலிட்டி, விளக்கு மின்சார வாரியம், காலரா ஊசி சுகாதாரத் துறை, பஸ் போக்குவரத்துக் கழகம், கூட்டத்துக்கு வேலூரிலிருந்து வந்த போலீஸ், சாப்பாட்டுக்கு மண்டகப்படிக்காரர்களும் சத்திரக்காரர்களும். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. லட்சம் பேர் வந்து மலை சுற்றிவிட்டு ஒரு குழந்தை காணாமல் போகாமல் திரும்பிப் போவார்கள். அதே ஆட்கள்தான் அன்று அந்த ஏரியை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள்.

ஏரி யாருடையது என்பதுதான் சிக்கல். மணியக்காரரைக் கூட்டிக்கொண்டு நான் முதலில் பி.டபிள்யூ.டி. ஆபீசுக்கு ஓடினேன். அந்த ஏரியைப் பஞ்சாயத்து யூனியனிடம் ஒப்படைத்தாகிவிட்டது, இனிமேல் நாங்கள் மண்வெட்டி வைத்தால் ஆடிட்டில் கேட்பார்கள் என்றார்கள். யூனியன் ஆபீசுக்குப் போனோம். அவர்கள் ஒப்படைத்தார்கள், நாங்கள் ஏற்கவில்லை, மதகு பழுதாக இருந்ததால் திருப்பி எழுதிவிட்டோம் என்றார்கள். இரண்டும் உண்மை. இரண்டு பேரும் எங்களை உட்கார வைத்து, துண்டு கொடுத்துத் தலை துவட்டச் சொல்லி, மரியாதையாகத்தான் பேசினார்கள்.

தாசில்தாரைத் தேடிக் கோயிலுக்குப் போனேன். ராஜகோபுரத்துக்கு எதிரே பந்தலில் இருந்தார். இருந்த ஒரே வழி, கிழக்குக் கோடியில் கரையை வெட்டித் தண்ணீரை வடிய விடுவதுதான். வெட்டினால் ஊர் பிழைக்கும். ஆனால் கிழக்கே வயல்கள் போகும், கல் உடைக்கிறவர்களின் குடிசைகளும் போகும். கேட்டுவிட்டு அவர் என்னைப் பந்தலின் ஓரத்துக்குக் கூட்டிப் போனார்.

“வெட்டுன்னு நான் சொன்னா கிழக்கால இருக்கிறவங்களுக்கு நான் பதில் சொல்லணும் ஏழுமலை. வெட்டாதன்னு சொன்னா ஊருக்குப் பதில் சொல்லணும். அந்த ஏரி என் கையில இருந்தா ரெண்டுல ஒண்ணு சொல்லிடுவேன். ஆர்.டி.ஓ. வர்றார், கேட்டுட்றேன். நீ ஊருக்குப் போய் ஜனங்களை மேட்டுக்கு ஏத்து.”

எந்த அதிகாரத்தில் ஏற்றுவது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் மணிலாக்கொட்டை மண்டி வைத்திருந்த கஃபூர் பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆர்.டி.ஓ.வுக்காகக் காத்திருக்கவில்லை. காலிக் கோணிகளை ஏற்றித் தன் லாரியை எங்களோடு அனுப்பினார். யார் கேட்டார்கள் என்று பிறகு விசாரித்தால் யார் பேரைச் சொல்வது என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை பாய் என்றேன். சரி, யாரும் விசாரிக்க மாட்டார்கள், போ என்றார்.

நாங்கள் போய்ச் சேரும்போது அங்கே முடிவாகிவிட்டிருந்தது. கோணியில் மண் அடைத்துப் போட்டார்கள், நிற்கவில்லை. வெட்டுவது என்று ஊர் சொன்னது. கிழக்கே முதலில் போகிறது மாமாவின் நிலம்தான். போகட்டும் என்று அக்காதான் சொன்னாள். சொல்லிவிட்டு வண்டியைக் கட்டிக்கொண்டு கல் உடைக்கிறவர்களின் குடிசைகளுக்குப் போனாள். பிள்ளைகள், ஆடுகள், அடுப்பு, பாத்திரம் எல்லாவற்றையும் ஏற்றி மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தாள். தீப விடுமுறை, பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த வாத்தியார், யூனியன் உத்தரவு இல்லாமல் திறந்தால் என் வேலை போய்விடும் அம்மா என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். அக்கா கடப்பாரை வாங்கிப் பூட்டை உடைத்தாள்.

சாயங்காலம், மலையில் தீபம் ஏற்றுகிற நேரத்தில் கரையை வெட்டினார்கள். அந்த ஊரிலிருந்து மற்ற வருஷங்களில் மலை தெரியும். அன்று மேகம் மூடியிருந்தது. தெரியுமோ என்று பார்த்துப் பார்த்து, தெரியாமலே பட்டினி விரதத்தை முடித்தார்கள். ஊர் பிழைத்தது.

பள்ளிக்கூடத்தில் ஆளை எண்ணியபோதுதான் கோவிந்தன் இல்லை என்று தெரிந்தது. கல் உடைக்கிறவர்களில் ஒருவர், வயசாளி, நடக்கக் கால் வராது. அக்காவின் வண்டியில் வருவார் என்று மகன் முன்னால் போயிருக்கிறான். மகன் தூக்கிப்போயிருப்பான் என்று அக்கா வண்டியைக் கிளப்பியிருக்கிறாள். அவர் குடிசைக்குள்ளேயே படுத்திருந்திருக்கிறார். தண்ணீர் வடிந்த பிறகு ஒரு பனைமரத்தடியில் கண்டெடுத்தார்கள்.

4

கரையை யார் வெட்டினார்கள் என்று கடைசிவரை யாரும் கேட்கவில்லை. கேட்டால் கேட்டவருடைய ஏரி ஆகிவிடும். கோவிந்தன் வெள்ளத்தில் இறந்ததாக எழுதினார்கள். மாமாவின் நிலத்தில் மணல் மேடு போட்டுவிட்டது. மனிதன் வெட்டிய தண்ணீரில் போனது இயற்கைச் சேதத்தில் வராது என்று நிவாரணம் இல்லை. ஆனால் பள்ளிக்கூடப் பூட்டு யூனியனுடையது, அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. பூட்டை உடைத்ததற்கு விளக்கம் கேட்டு அக்காவுக்கு நோட்டீஸ் வந்தது. யூனியன் ஆபீசுக்கு மூன்று நடை நடந்து பதில் சொல்லிவிட்டு வந்தாள்.

இந்தப் பூட்டுக் கதையை இங்கே நண்பர்கள் வீட்டில் பலமுறை சொல்லியிருக்கிறேன். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். கோவிந்தனைச் சொல்ல மாட்டேன். அவரைச் சேர்த்தால் கதை சிரிப்பாக வராது.

5

ஏப்ரலில் ஒரு நாள் காலை, நான் குடிநீர் நிலையத்தில் இருந்தபோது சங்கு ஊதியது. சரக்கு ரயில் தடம் புரண்டு சில வண்டிகள் பள்ளத்தில் சாய்ந்துவிட்டன. அதில் ஒன்று நிறைய ரசாயனம். கசியவில்லை, ஆனால் கசிந்தால் காற்று எங்கள் தெருப் பக்கம்தான் வீசும். பாதைக்கு வடக்கே இருக்கிறவர்கள் எல்லோரும் கிளம்ப வேண்டும் என்று மேயர் அறிவித்தார். எல்லாம் திட்டப்படி நடந்தது. சுகுணா ஆஸ்பத்திரியில். கவிதாவைப் பள்ளிக்கூடமே பஸ்ஸில் ஏற்றிக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டது. நான் என் வால்வின் பக்கத்தில் நின்றேன். வீட்டில் அக்கா தனியாக இருந்தாள்.

போன் செய்தேன். மஞ்சள் சட்டை போட்ட ஆள் வருவார், அவரோடு பஸ்ஸில் ஏறு, வேறு எதுவும் செய்யாதே என்றேன். எமர்ஜென்சியா என்று கேட்டாள். ஆமாம், ஆனால் அந்த எமர்ஜென்சி இல்லை என்றேன்.

பிறகு நடந்ததை அந்தத் தொண்டரும் அக்காவும் தனித்தனியாகச் சொல்லக் கேட்டு நான் சேர்த்துக்கொண்டது. மஞ்சள் சட்டைக்காரர் வந்தார். அக்கா செருப்பும் கோட்டும் போட்டுத் தயாராக நின்றாள். பஸ்ஸை நோக்கி நடக்கும்போது பக்கத்து வீட்டைப் பார்த்தாள். அங்கே திருமதி ஓல்சன் என்ற மூதாட்டி சக்கர நாற்காலியில் தனியாக இருக்கிறார். அக்கா வந்த நாளிலிருந்து மத்தியானம் வெயில் அடிக்கும்போது இரண்டு பேரும் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். இவள் பேசுகிற தமிழ் அவருக்குத் தெரியாது, அவர் பேசுவது இவளுக்குத் தெரியாது. ஆனாலும் ஒருவர் பேச ஒருவர் தலையாட்டிக்கொண்டு இருப்பார்கள்.

அன்று கதவு சாத்தியிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. பேச்சுக் குரலும் கேட்டது. அக்கா தொண்டரிடம் அந்த வீட்டைக் காட்டினாள். அவர் தலையாட்டி, சரி சரி, பரவாயில்லை என்று சைகை காட்டினார். அந்த வீடு ஏற்கெனவே காலி என்று அவருக்குத் தெரியும். அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அக்காவுக்கு அவர் சைகை, அது நம் வேலை இல்லை, வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள் என்று பட்டது. பஸ்ஸில் ஏற மறுத்துவிட்டாள். அவர் கையைப் பிடித்து இழுத்தார். அவள் உதறிவிட்டு, பனி தள்ளுகிற மண்வாரியை எடுத்து, கதவின் கண்ணாடியை உடைத்து, உள்ளே கை விட்டுத் தாழ்ப்பாளைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. கதவையே நெம்பிவிட்டாள்.

உள்ளே யாரும் இல்லை. தொலைக்காட்சிப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. திருமதி ஓல்சனை அவருடைய நர்ஸ் மஞ்சள் சட்டைக்காரர் வருவதற்கு முன்பே வந்து, திட்டப்படி, முதல் ஆளாகக் கூட்டிப்போயிருந்தார். அவசரத்தில் பெட்டியை அணைக்கவில்லை.

பஸ் முழுக்க ஜனங்கள் காத்திருந்தார்கள். கைக்குழந்தைகளும் இருந்தன. ரசாயனம் கசிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

6

மத்தியானம் என்னை மாற்றி விட்ட பிறகு கொட்டகைக்குப் போனேன். வரிசையாகக் கட்டில், கம்பளி, சூப். அக்கா ஒரு ஓரத்தில் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி கிழித்த காயத்துக்குத் தையல் போட்டிருந்தார்கள். ஒரு போலீஸ்காரர் கேட்கக் கேட்க, கவிதா நடுவில் நின்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். தமிழ் தெரிந்த ஆள் அங்கே அவள் ஒருத்திதான். அவள் கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

என்னைப் பார்த்ததும் தனியாக இழுத்துப்போனாள். “அப்பா, அத்தை செஞ்சது கிரைம். இங்க யாரும் இப்படிச் செய்ய மாட்டாங்க. நான் என்ன சொல்லட்டும் அவர்கிட்ட?” என்றாள். பயந்துவிட்டாள் என்று சொல் என்றேன். “பயப்படலையே. அவங்க பயந்த மாதிரியே இல்ல,” என்றாள்.

திருமதி ஓல்சன் எங்களுக்கு எதிர் வரிசையில்தான் இருந்தார். விஷயம் அவருக்கும் தெரிந்திருந்தது. அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் சந்தோஷமா, வெட்கமா, என்னவென்று என்னால் சொல்ல முடியவில்லை.

7

அடுத்த வாரம் தீயணைப்பு நிலைய மாடியில் ஒரு கூட்டம் போட்டார்கள். எது சரியாக நடந்தது, எது சரியில்லை என்று பேசுவதற்கு. ஒருவரையும் திட்டுவதற்கு இல்லை என்று முதலிலேயே சொன்னார்கள். அப்படியும் அந்தக் கதவு வந்துவிட்டது.

கதவை யார் சரிசெய்வது? நகரசபை, விபத்து ரயில் கம்பெனியுடையது என்றது. ரயில் கம்பெனிக்காரர், எங்கள் வண்டி கதவின் மேல் ஏறவில்லையே என்றார். தொண்டர்களின் தலைவி, எங்கள் ஆள் உடைக்க வேண்டாம் என்றுதான் தடுத்தார் என்றார். மாகாணத்திலிருந்து வந்தவர், பெரிய சேதத்துக்குத்தான் நாங்கள் வருவோம், அதுவும் நகரசபை கேட்டால் என்றார். எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். எல்லோரும் சொன்னது உண்மை. நான் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, யூனியன் ஆபீசில் தலை துவட்டிக்கொண்டதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒருவர், உடைத்த அம்மாள் இந்த ஊர்க்காரர் இல்லையே, விசிட்டர் விசாவில் வந்தவர்தானே, விசா மத்திய அரசின் விஷயம் என்றார். விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. சிலர் சிரித்தார்கள். நான் கையைத் தூக்கினேன். எழுந்து நின்று, கதவை நானே போட்டுக் கொடுக்கிறேன், எங்கேயும் எழுத வேண்டாம் என்றேன். என் ஆங்கிலம் பதற்றத்தில் எப்போதும் தடுக்கும். ‘என் அக்கா உடைந்துவிட்டாள்’ என்று அர்த்தம் வருகிற மாதிரிச் சொல்லிவிட்டேன். ‘உடைத்துவிட்டாள்’ என்று சொல்ல வந்தது. யாரும் திருத்தவில்லை.

கூட்டம் நடத்தியவர் உங்கள் அக்கா ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டார். கோவிந்தனைப் பற்றிச் சொன்னேன். இங்கே வந்து முதல் தடவையாக, பூட்டுக் கதையில் கோவிந்தனையும் சேர்த்துச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. காலி செய்த வீட்டின் கதவுக் கைப்பிடியில் இனி ஒரு வெள்ளைத் துணி கட்ட வேண்டும், பார்க்கிறவர்கள் உள்ளே ஆள் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். கதவை நகரசபையே போட்டுக் கொடுத்தது. எந்தக் கணக்கில் என்று நான் கேட்கவில்லை.

8

அன்று வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விசா விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அவள் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள், கட்டுப் போடாத கையால்.

“உள்ள பேச்சுச் சத்தம் கேட்டுச்சுடா. அதான் உடைச்சேன்,” என்றாள். மாவைத் திருப்பிப் போட்டுவிட்டு, “கோவிந்தன் அன்னிக்கு ஒரு சத்தம் குடுத்திருந்தா நான் திரும்பிப் போயிருப்பேன். அவர் குடுக்கல. இங்க ஆளே இல்லாத வீட்டுல சத்தம் வருது. நான் இன்னாதான் பண்றது?” என்றாள்.

அக்கா, நீ செய்தது சரி என்று சொல்லலாம். ஆனால் பஸ்ஸில் கைக்குழந்தைகள் இருந்தன. தப்பு என்று சொல்லலாம். ஆனால் அந்த நர்சுக்கு அன்று காய்ச்சல் வந்து படுத்திருந்தால்? திட்டத்தை நம்பு என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு, அதில் எனக்கு அரைப் பக்கம் இருக்கிறது. எங்கள் ஊரில் எல்லோரும் அவரவர் பக்கத்தைச் சரியாகப் படித்தவர்கள்தான். ஏரிக்குத்தான் பக்கம் இல்லாமல் போய்விட்டது. இங்கே ஒவ்வொன்றுக்கும் பக்கம் இருக்கிறது. அது போதுமா? அன்று தொடங்கிய யோசனை இன்னும் முடியவில்லை என்று எழுதினால் சிரிப்பீர்கள், ஆனால் அப்படித்தான் இருக்கிறது.

வெள்ளைத் துணி கட்டப் போகிறார்கள் என்றதும் அவள் பிசைவதை நிறுத்தினாள்.

“கட்டுறவங்க உள்ள போய்ப் பாத்துட்டுக் கட்டுவாங்களா?”

பார்ப்பார்கள் என்றேன். சரி என்று மறுபடியும் பிசைய ஆரம்பித்தாள். நம்பினாளா என்று தெரியாது.

புதுக் கதவு போட்ட அன்று திருமதி ஓல்சன் தன் சக்கர நாற்காலியில் வாசலுக்கு வந்து அக்காவைக் கை காட்டிக் கூப்பிட்டார். நான் மொழிபெயர்க்கப் போனேன். வேண்டாம் என்பதுபோல் இரண்டு பேருமே என்னைப் பார்த்தார்கள். நான் திரும்பி வந்துவிட்டேன். அங்கே என்ன பேசினார்கள் என்பது இருவருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வெகுநேரம் பேசினார்கள்.

ஆறு மாதம் முடியக் காத்திருக்காமல், கோடை தொடங்கியதும் அக்கா ஊருக்குப் போய்விட்டாள்.

9

போன சனிக்கிழமை ஒத்திகை வைத்தார்கள். நிஜ ஆபத்து இல்லை, பழகிக்கொள்ள. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் இந்தத் தடவை தொண்டர்களோடு சேர்த்திருந்தார்கள். கவிதா பேர் கொடுத்ததை எங்களிடம் சொல்லவில்லை. மஞ்சள் சட்டையோடு அவள் எங்கள் தெருவில் வந்தபோதுதான் தெரிந்தது. எனக்கு அன்று டூட்டி இல்லை. வேலி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பார்க்கிறார் என்பது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

தெருக்கோடியில் விற்பனைக்கு விட்டிருக்கிற ஒரு வீட்டை ஒத்திகைக்காகத் திறந்து வைத்திருந்தார்கள். கவிதாவும் இன்னொரு பெண்ணும் உள்ளே போய்ப் பார்த்தார்கள், வெளியே வந்தார்கள், கைப்பிடியில் துணியைக் கட்டினார்கள். அடுத்த வீட்டுக்குப் போக மற்றவள் படி இறங்கிவிட்டாள். கவிதா இறங்கவில்லை. துணியைப் பிடித்தபடி ஒரு கணம் நின்றாள். அந்தப் பெண் கூப்பிட்டாள். இரு என்று கை காட்டிவிட்டு இவள் மறுபடியும் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

வெளியிலிருந்து எனக்கு அவள் காலடிச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு அறையாகப் போகிறாள். மாடி ஏறுகிறாள். பிறகு அந்தக் காலி வீட்டுக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டது.

“உள்ள யாராவது இருக்கீங்களா?”

தமிழில் கூப்பிடுகிறோம் என்பது அவளுக்கே தெரிந்திருக்காது. உள்ளே யாராவது இருந்தாலும் இந்த ஊரில் அவர்களுக்கு அது புரியப் போவதில்லை. அவள் வெளியே வந்ததும் அதைச் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே அவள் இன்னொரு தடவை கூப்பிட்டாள்.